வந்த நாளுக்கா, வைத்த இடத்துக்கா? ஒரு வீட்டுக் காப்பகத்தின் கட்டணக் கணக்கு

வீட்டிலேயே குழந்தைகள் காப்பகம் நடத்தும் ஒருவர், தொடங்கி மூன்று வருடம் ஆன நிலையில், இதை மூடிவிட்டு வேறு வேலைக்குப் போகலாமா என்று யோசிக்க ஆரம்பித்தார். ஆறு இடமும் நிரம்பியிருந்தது, பெற்றோர் யாருக்கும் அவர்மேல் குறை இல்லை, குழந்தைகள் காலையில் அழாமல் உள்ளே ஓடி வருவார்கள். ஆனாலும் மாதக் கடைசியில் கையில் எதுவும் நிற்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் அவரும் நானும் உட்கார்ந்து கணக்கைப் பிரித்துப் பார்த்தோம். சிறு தொழில் செய்பவர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. இதே நிலையில் பல வீட்டுக் காப்பகங்கள் இருக்கின்றன என்பதால், அவர் சம்மதத்தோடு, முழுக் கணக்கையும் இங்கே வைக்கிறேன்.

நாணயத்தை விட்டுவிடுவோம். ஒரு குழந்தைக்கு அவர் வாங்கிக்கொண்டிருந்த பழைய மாதக் கட்டணம் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் எல்லாத் தொகையும் அந்த அளவில்தான்.

பழைய ஏற்பாடு

ஆறு குழந்தைகள். அதில் இரண்டு பேர் இரண்டு வயதுக்குக் கீழே, மற்ற நான்கு பேர் இரண்டிலிருந்து ஐந்து வரை. அவர் இருக்கும் இடத்தின் விதிப்படி இதற்கு மேல் ஒரு குழந்தையைக் கூடச் சேர்க்க முடியாது, கைக்குழந்தைகளும் இரண்டுக்கு மேல் கூடாது. இந்த வரம்பு இடத்துக்கு இடம் மாறும். உதாரணமாக இங்கிலாந்தில் வீட்டில் வைத்துப் பார்ப்பவர்கள் தனியாக இருந்தால் பொதுவாக எட்டு வயதுக்குட்பட்ட ஆறு பேர் வரைதான், அதிலும் ஐந்து வயதுக்கு உட்பட்ட சின்னக் குழந்தைகள் மூன்று பேர்தான், அந்த மூன்றில் ஒரு வயதுக்குக் கீழே ஒருவர்தான். எண் எதுவானாலும் விஷயம் ஒன்றுதான்: ஒரு கடைக்காரர் வியாபாரம் சூடுபிடித்தால் இன்னும் கொஞ்சம் சரக்கு இறக்கலாம், இந்தத் தொழிலில் அது முடியாது. உச்சவரம்பு முதல் நாளே தெரிந்துவிடுகிறது. அதனால் கட்டணத்தில் விட்டதை எண்ணிக்கையில் பிடிக்க வழியே இல்லை.

கட்டணம் எல்லா வயதுக்கும் ஒன்றுதான், 100. தொடங்கும்போது பக்கத்தில் இருந்த இரண்டு காப்பகங்களில் விசாரித்து, அதில் குறைவானதிலிருந்து இன்னும் கொஞ்சம் குறைத்து வைத்தது. குழந்தை வராத நாளுக்குக் கழித்துக்கொள்வார். ஒரே வீட்டிலிருந்து இரண்டாவது குழந்தை வந்தால் அதற்குப் பாதிக் கட்டணம். சாயங்காலம் தாமதமாக வந்து கூட்டிப்போனால் எதுவும் கேட்பதில்லை. சாப்பாடு, துடைக்கும் துணி, சோப்பு எல்லாம் அவர் செலவு.

"மாசம் 600 வருது. சாப்பாட்டுக்கும் உதவிக்கு வர்றவங்களுக்கும் கொடுத்தது போக மிச்சம் எங்கே போகுதுன்னே தெரியலை" என்பதுதான் அவர் முதலில் சொன்னது.

600 வரவே இல்லை

வருகைப் பதிவேட்டை எடுத்தோம். ஒரு சாதாரண மாதம், 22 வேலை நாள், ஆறு குழந்தைகள், மொத்தம் 132 குழந்தை-நாள். அதில் 20 நாள் யாராவது வரவில்லை. சளி, ஊருக்குப் போனது, பாட்டி வந்தது, அப்பாவுக்கு விடுமுறை, இப்படி. அந்த 20 நாளுக்கான கழிவு மட்டும் 82 ஆகியிருந்தது. இரண்டாவது குழந்தைக்கான பாதிச் சலுகையில் 50. அப்புறம் முந்தைய வருடத்தில் ஒரு இடம் இரண்டு மாதம் காலியாகக் கிடந்திருக்கிறது, அதை மாதத்துக்குப் பிரித்தால் ஏறத்தாழ 17. எல்லாம் போக உண்மையான மாத வரவு 450 சுற்றித்தான்.

செலவை அவர் பாதிதான் கணக்கில் வைத்திருந்தார். சாப்பாடு 95, மதிய நேரம் உதவிக்கு வருபவருக்கு 80, இந்த இரண்டும் அவருக்கு மனப்பாடம். துடைப்பான்கள், சோப்பு, தாள், வண்ணம் என்று போவது 25. மின்சாரம், தண்ணீர், எரிவாயு கூடுதலாக ஆவது 30. பாய், பொம்மை, உடைந்ததைச் சரிசெய்வது 15. உரிமம், காப்பீடு, முதலுதவிப் பயிற்சி இவற்றை வருடக் கணக்கிலிருந்து மாதத்துக்குப் பிரித்தால் 15. ஆக 260.

வீட்டு வாடகையை அவர் சேர்க்கவே இல்லை. "வீடு எப்படியும் இருக்கப் போகிறது, காப்பகம் இல்லாவிட்டாலும் வாடகை கட்டத்தானே வேண்டும்" என்று நினைப்பது இயல்புதான், ஆனால் வீட்டில் பாதியை வாரம் ஐந்து நாள் குழந்தைகளுக்குக் கொடுத்துவிட்டு அதற்கு விலையே இல்லை என்று சொல்வது சரியில்லை. இதற்கு ஒரு நல்ல கணக்கு முறை இருக்கிறது, அமெரிக்க வருமான வரித் துறை வீட்டுக் காப்பகங்களுக்கு ஏற்றுக்கொள்ளும் முறை: வீட்டுப் பரப்பில் எத்தனை பங்கு, மொத்த நேரத்தில் எத்தனை பங்கு, இரண்டையும் பெருக்க வேண்டும். இவர் வீட்டில் பாதிப் பரப்பு. மாதத்தின் 730 மணி நேரத்தில், திறந்திருக்கும் நேரமும் முன்னும் பின்னும் சுத்தம் செய்யும் நேரமும் சேர்த்து 253 மணி, அதாவது 35 சதவீதம். பாதியில் 35 சதவீதம் என்றால் 17 சதவீதச் சொச்சம். அவர் வாடகை 180, அதில் காப்பகத்தின் பங்கு ஏறத்தாழ 30. மொத்தச் செலவு 290 ஆனது.

450இல் 290 போனால் 160.

இப்போது நேரம். தினமும் பத்து மணி நேரம் திறந்திருக்கிறது, 22 நாளுக்கு 220 மணி. காலையில் சமைப்பதும் சாயங்காலம் தரையைத் துடைத்துப் பொம்மைகளைக் கழுவி வைப்பதும் நாளுக்கு ஒன்றரை மணி, 33. சாமான் வாங்குவது, கணக்கு எழுதுவது, பெற்றோரிடம் போனில் பேசுவது எல்லாம் சேர்த்து மாதம் 13. ஆக 266 மணி. 160ஐ 266ஆல் வகுத்தால் மணிக்கு 0.60.

உதவிக்கு வருபவர் தினமும் இரண்டு மணி நேரம், மாதம் 44 மணி நேரத்துக்கு 80 வாங்குகிறார். மணிக்கு 1.82. அதாவது பொறுப்பு முழுவதையும் சுமக்கிறவர், உரிமம் யார் பெயரில் இருக்கிறதோ அவர், தன்னிடம் வேலை பார்ப்பவர் வாங்குவதில் மூன்றில் ஒரு பங்கு வாங்கிக்கொண்டிருந்தார். இந்த ஒரு வரியைத் தாளில் எழுதிக் காட்டியபோது அவர் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். உதவியாளருக்கு அதிகம் கொடுக்கிறோம் என்று அவர் ஒரு நொடி கூடச் சொல்லவில்லை, அதையும் இங்கே பதிவு செய்கிறேன், ஏனென்றால் அந்தச் சம்பளம் நியாயமானதுதான்.

எவ்வளவு இருந்திருக்க வேண்டும்

அவர் நேரத்துக்கும் குறைந்தது அந்த 1.82 வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். 266 மணிக்கு 484. செலவு 290. பழுது, திடீர்ச் செலவு என்று ஒதுக்க 26. மாதத் தேவை 800.

இதை ஆறால் வகுக்கக்கூடாது. ஒரு குழந்தை பள்ளிக்குப் போனால் அடுத்தது வந்து சேரச் சில வாரம் ஆகும், சில சமயம் மாதங்கள் ஆகும், அதனால் சராசரியாக ஐந்தரை இடம்தான் நிரம்பியிருக்கும் என்று எடுத்தோம். 800ஐ ஐந்தரையால் வகுத்தால் ஒரு இடத்துக்கு 145 வருகிறது. அவர் வாங்கிக்கொண்டிருந்தது 100.

ஆனால் எல்லோருக்கும் 145 என்பதும் நியாயமில்லை. உதவியாளர் எதற்காக வருகிறார்? அந்த இரண்டு கைக்குழந்தைகளுக்காகத்தான். மதியம் ஒருத்திக்கு ஊட்டிக்கொண்டிருக்கும்போது இன்னொருத்தன் தொட்டிலில் அழுவான், அதே நேரம் பெரிய பிள்ளைகளுக்குத் தட்டு வைக்க வேண்டும். நான்கு பெரிய பிள்ளைகள் மட்டும் என்றால் அவரே சமாளித்துவிடுவார். ஆக உதவியாளரின் 80உம், துடைப்பான் செலவில் 15உம் இந்த இரண்டு பேருக்கானது, ஆளுக்கு 47 சொச்சம். அப்படிப் பார்த்து, கைக்குழந்தைக்கு 175, மற்றவர்களுக்கு 130 என்று வந்தது. ஆறும் நிரம்பினால் 870, ஐந்தரை நிரம்பினால் 800க்குப் பக்கத்தில். வயதுக்கு ஏற்ற கட்டணம் என்றால் சிலருக்கு ஏதோ பேராசை மாதிரிப் படுகிறது. உண்மையில், ஒரே கட்டணம் வைத்தால் பெரிய பிள்ளைகளின் பெற்றோர்தான் கைக்குழந்தைகளின் செலவைக் கட்டுகிறார்கள், அவர்களுக்கு அது தெரிவதும் இல்லை.

கட்டணத்தைத் தொடாமலே கிடைத்த 122

எனக்கு இந்த நிகழ்வில் மிகவும் முக்கியமாகத் தெரிவது இதுதான். வராத நாளுக்குக் கழிப்பதை நிறுத்தினால் 82. இரண்டாவது குழந்தைக்குப் பாதிக்குப் பதில் பத்து சதவீதச் சலுகை என்றால் 40. இரண்டும் சேர்ந்து 122. அறிவிப்புப் பலகையில் இருக்கும் 100 அப்படியே இருக்க, மாதம் கையில் நிற்பது 160இலிருந்து 282 ஆகிறது. கட்டணத்தை ஏற்றுவதா வேண்டாமா என்று மாதக்கணக்கில் தவித்துக்கொண்டிருந்தவருக்குப் பணம் போன வழி விதிமுறைகளில் இருந்தது.

வராத நாளுக்கு ஏன் கழிக்கக்கூடாது? ஒரு அம்மா நேரடியாகவே கேட்டார். "நான் கொண்டுவந்து விடாத நாளுக்கு நான் ஏன் அக்கா காசு கொடுக்கணும்?" நியாயமான கேள்வி, கோபப்பட ஒன்றுமில்லை. இவர் சொன்ன பதில்: "உங்க பொண்ணு இன்னைக்கு வரலைன்னு அந்த இடத்துல வேற குழந்தையை நான் சேர்த்துக்க முடியாது இல்லையா? நாளைக்கு அவ வரும்போது அந்த இடம் அவளுக்கு இருக்கணுமே. நான் அதைத்தான் வச்சுட்டு இருக்கேன்." அந்த அம்மா யோசித்துவிட்டுச் சரி என்றார். பெற்றோர் காசு கொடுப்பது காத்து வைத்த இடத்துக்கு. சமைத்த சோறும் வந்துவிட்ட உதவியாளரும் திறந்து வைத்த வீடும் ஒரு குழந்தை குறைந்ததால் குறைவதில்லை.

இதில் ஒரு பக்கவிளைவு இருக்கிறது, முன்கூட்டியே யோசிக்காமல் இறங்கக்கூடாது. கழிவு இருந்தவரை, லேசாகக் காய்ச்சல் என்றால் வீட்டில் வைத்துக்கொள்ள ஒரு காரணம் இருந்தது. கழிவை எடுத்ததும், "காசு கொடுத்தாச்சே, மருந்து கொடுத்து அனுப்பிவிடலாம்" என்று தோன்றும், வேலைக்குப் போகும் பெற்றோரைக் குற்றம் சொல்லவும் முடியாது. அதனால் அதே கடிதத்தில் நோய் விதியையும் எழுதினார்: மருந்து இல்லாமலே காய்ச்சல் விட்டு 24 மணி நேரம் ஆன பிறகுதான் குழந்தை வரலாம். இடையில் காய்ச்சல் வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் வந்து கூட்டிப்போக வேண்டும். தொடர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் நோயால் வர முடியாமல் போனால் அதன் பிறகு பாதிக் கட்டணம். இந்தக் கடைசி விதி அவராகச் சேர்த்தது, நான் வேண்டாம் என்றேன், அவர் பிடிவாதமாக இருந்தார். ஒரு வீட்டில் குழந்தை நீண்ட நாள் படுத்திருக்கும்போது முழுக் காசு வாங்க மனம் வராது என்றார். அவர் தொழில், அவர் மனசு.

வாரத்தில் மூன்று நாள் மட்டும் வேண்டும் என்று ஒரு குடும்பம் கேட்டிருந்தது. ஐந்தில் மூன்று நாள் என்பதால் 60 சதவீதம் வாங்கலாம் என்று தோன்றும், ஆனால் மீதி இரண்டு நாளுக்கு இன்னொரு குழந்தை கிடைப்பது கடினம். மூன்று நாளுக்கு 70, இரண்டு நாளுக்கு 50 சதவீதம் என்று வைத்தார். ஜோடி கிடைத்தால் ஒரு இடத்துக்கு 120 சதவீதம், கிடைக்காவிட்டால் 30 நஷ்டம். ஜோடி கிடைக்காதவரை ஒப்புக்கொள்வதில்லை என்பது முடிவு.

தாமதத்துக்கு என்ன செய்வது

சாயங்காலம் தாமதமாக வருபவர்களுக்கு ஒரு சின்ன அபராதம் போடலாம் என்பது அவர் முதல் யோசனை. இங்கே ஒரு பழைய ஆய்வு உதவியது. யூரி கினீசி, ஆல்டோ ருஸ்டிகினி என்ற இரண்டு பொருளியல் அறிஞர்கள் 1998இல் இஸ்ரேலின் ஹைஃபா நகரில் 10 காப்பகங்களை 20 வாரம் கவனித்தார்கள். முதல் நான்கு வாரம் தாமதமாக வருபவர்களை எண்ணியதோடு சரி. ஐந்தாவது வாரத்திலிருந்து ஆறு காப்பகங்களில் மட்டும், பத்து நிமிடத்துக்கு மேல் தாமதமானால் 10 ஷெக்கெல் அபராதம் என்றார்கள். தாமதம் குறையவில்லை, கூடியது, ஏறத்தாழ இரண்டு மடங்குக்குப் போனது. 17ஆவது வாரம் அபராதத்தை எடுத்த பிறகும் பழைய நிலைக்கு இறங்கவில்லை. அதற்கு முன்பு, ஒரு ஆசிரியையைக் காக்க வைக்கிறோமே என்ற சங்கடம் பெற்றோரை ஓட வைத்தது. அபராதம் வந்ததும் அது ஒரு விலை ஆகிவிட்டது, அதுவும் மலிவான விலை.

அதனால் இவர் அபராதம் வைக்கவில்லை, நேரத்தையே இரண்டாகப் பிரித்தார். ஐந்து மணி வரை ஒரு கட்டணம், ஆறு மணி வரை என்றால் அதன்மேல் கொஞ்சம் கூட. ஐந்து மணிக் குடும்பம் ஒரே மாதத்தில் மூன்று தடவை தாமதமானால் அடுத்த மாதம் ஆறு மணிக் கட்டணத்துக்கு மாற வேண்டும். ஆறு மணிக்கு மேல் காசு கொடுத்தாலும் நேரம் கிடையாது, அப்படித் தாமதமானால் நேரில் பேசுவதுதான். இரண்டு குடும்பங்கள் தாங்களாகவே ஆறு மணிக்கு மாறிக்கொண்டன, அவர்களுக்கு உண்மையில் அந்த நேரம்தான் தேவைப்பட்டிருக்கிறது, இத்தனை நாளும் கூச்சத்தோடு ஓடி வந்திருக்கிறார்கள். இதில் வந்த சிறு தொகையைக் கீழே உள்ள கணக்கில் சேர்க்கவில்லை.

பக்கத்துக் காப்பகங்களையும் மறுபடி விசாரித்தோம். இந்தத் தடவை தொகையை மட்டும் கேட்காமல், சாப்பாடு உண்டா, எத்தனை மணி நேரம், எத்தனை குழந்தைக்கு ஒருவர், விடுமுறை நாளுக்கும் கட்டணமா என்று கேட்டதில், அவற்றில் மலிவாகத் தெரிந்த ஒன்று சாப்பாடு இல்லாமல் எட்டு மணி நேரத்துக்கானது என்று தெரிந்தது. மூன்று வருடமாக இவர் அந்தத் தொகையைப் பார்த்துத்தான் தன் கட்டணத்தைத் தாழ்த்தி வைத்திருந்தார்.

எப்படி ஏற்றினார்

ஒரேயடியாக 130, 175 என்று போகவில்லை. புதிதாகச் சேர்பவர்களுக்கு உடனே அந்தக் கட்டணம். ஏற்கெனவே இருப்பவர்களுக்கு இந்த வருடம் 115, கைக்குழந்தைகளுக்கு 135. இரண்டு மாதம் முன்னதாகவே கடிதம். நான் எழுதிக் கொடுத்த வரைவு விளக்கங்களால் நீளமாக இருந்தது, அவர் அதை வெட்டி இப்படி அனுப்பினார்: "வரும் காலாண்டிலிருந்து மாதக் கட்டணம் மாறுகிறது. புதிய தொகையும் விதிகளும் பின்பக்கத்தில் உள்ளன. மூன்று வருடமாகக் கட்டணத்தை ஏற்றவில்லை. இனி ஒவ்வொரு வருடமும் இதே மாதத்தில் பார்த்து மாற்றுவேன். சந்தேகம் இருந்தால் சனிக்கிழமை காலை பேசலாம்." மன்னிப்புக் கேட்கவில்லை, வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லவில்லை. வருடாவருடம் ஒரே மாதத்தில் என்று எழுதியது எனக்கு மிகவும் பிடித்தது. மூன்று வருடம் பொறுத்துவிட்டு ஒரே அடியாக ஏற்றுவதுதான் பெற்றோரைக் காயப்படுத்துகிறது. ஆண்டுக்கு ஒருமுறை சிறிதாக ஏறும் என்று தெரிந்தால் அவர்களும் தயாராக இருப்பார்கள்.

அடிக்கடி கழிவு வாங்கிக்கொண்டிருந்த ஒரு குடும்பம் விலகியது. அந்த இடம் ஒன்றரை மாதம் காலியாக இருந்து, பிறகு 130க்கு நிரம்பியது. மற்ற ஐந்து குழந்தைகளும் தொடர்ந்தார்கள். அந்த வருடத்தின் சராசரி மாத வரவு 715 சுற்றி. உதவியாளரின் நேரத்தை இரண்டிலிருந்து மூன்று மணி ஆக்கியதால் செலவு 330. கையில் நின்றது 385, அவருடைய நேரம் மாதம் 250 மணிக்கு இறங்கியது, மணிக்கு 1.54. உதவியாளரின் 1.82ஐ இன்னும் எட்டவில்லை, ஆனால் 0.60இல் இல்லை.

பெற்றோர் பக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. குழந்தைப் பராமரிப்புச் செலவு குடும்ப வருமானத்தில் 7 சதவீதத்துக்குள் இருந்தால்தான் தாங்கும் என்று அமெரிக்க மத்திய அரசு 2016இல் தன் உதவித் திட்டத்துக்கு ஒரு அளவுகோல் வைத்தது. பல குடும்பங்களுக்கு உண்மையான செலவு அதைவிட எங்கேயோ மேலே இருக்கிறது. ஒருவர் ஒரே நேரத்தில் இத்தனை குழந்தைகளைத்தான் பார்க்க முடியும், இயந்திரம் வைத்து வேகமாகச் செய்யும் வேலை இல்லை இது, அதனால் இந்தச் செலவு குறையாது. அந்த இடைவெளியை அரசோ முதலாளியோ நிரப்ப வேண்டும் என்பது என் கருத்து. அது நடக்கும்வரை வீட்டுக் காப்பகம் நடத்தும் பெண்கள் தங்கள் கூலியை விட்டுக்கொடுத்து அதை நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள், முடியாதபோது மூடுகிறார்கள். மூடினால் ஆறு குழந்தைகள், பழகிய ஒரு ஆளைவிட்டு, புது இடத்தில் முதலிலிருந்து அழ வேண்டும்.

இன்னும் தீராத ஒன்று இருக்கிறது. அந்தக் கைக்குழந்தைகளில் ஒருத்திக்கு அடுத்த வருட நடுவில் இரண்டு வயது முடிகிறது. விதிப்படி அன்றே அவள் 135லிருந்து 115க்கு இறங்க வேண்டும், ஆனால் அன்றைக்கே புதிய கைக்குழந்தை வந்து சேர ஆறாவது இடம் காலி இருக்காது, ஒரு பெரிய பிள்ளை பள்ளிக்குப் போனால்தான் இருக்கும். பிறந்தநாளில் இறக்குவதா, புதுக் கல்வியாண்டில் எல்லோருக்கும் சேர்த்து மாற்றுவதா என்று இரண்டு விதமாகவும் கணக்குப் போட்டு வைத்திருக்கிறோம். அவருக்குப் பிறந்தநாள் கணக்குதான் பிடித்திருக்கிறது, எனக்குக் கல்வியாண்டுக் கணக்கு. அடுத்த கடிதம் போவதற்குள் முடிவு செய்ய வேண்டும்.